மெய்நிகர் இயந்திரக் காப்புநகலில் மிகை நினைவகப் பயன்பாடு

மெய்நிகர் இயந்திரக் காப்புநகலில் மிகை நினைவகப் பயன்பாடு என்பது, புரவலர் கணினி ஒன்றில் இயங்கும் மெய்நிகர் இயந்திரங்களுக்குக் காப்புநகல் எடுக்கும்போது அக்கணினியின் நினைவகம் வழக்கத்தை விட மிகுதியாக நிரம்பும் நிலையைக் குறிக்கும். பல நேரங்களில் இது தீங்கற்றது. உண்மையான பற்றாக்குறை ஏற்பட்டாலோ, காக்கப்பட வேண்டிய இயந்திரமே நின்றுபோகக்கூடும். எனவே இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதே பழுதுநீக்கத்தின் முதற்படியாகும்.

பின்னணி

2007 இல் லினக்சு கருனியில் சேர்க்கப்பட்ட கே.வி.எம். முறையில், ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரமும் புரவலர் கணினியில் ஒரு சாதாரணச் செயல்முறையாகவே இயங்குகிறது. நினைவகம் முற்றிலும் தீர்ந்தால், கருனி பொதுவாக அதிக நினைவகம் வைத்திருக்கும் செயல்முறையை நிறுத்தும். அது பெரும்பாலும் காப்புநகல் நிரலாக இராமல், ஏதேனும் ஒரு மெய்நிகர் இயந்திரமாகவே அமையும்.

காப்புநகல் எடுப்பதற்கெனத் தனி மென்பொருட்கள் உள்ளன. சென்னையைச் சேர்ந்த வெம்பு டெக்னாலஜீஸ் நிறுவனத்தின் பி.டி.ஆர். சூட் அவற்றுள் ஒன்று.

காரணங்கள்

* பதுக்ககம்: படிக்கப்படும் வட்டுத் தரவுகளைக் கருனி, கேச் எனப்படும் பதுக்ககத்தில் வைத்துக்கொள்கிறது. 100 கிகாபைட் வட்டை ஒருமுறை படித்தாலே நினைவகம் நிரம்பிவிடும். பிற நிரல்கள் கேட்கும்போது இவ்விடம் விடுவிக்கப்படும். ஆனால் வட்டில் இன்னும் எழுதப்படாத தரவுகளை எழுதி முடித்த பின்னரே விடுவிக்க இயலும். சேருமிட வட்டு மெதுவானதாயின் இங்கு நெருக்கடி உண்டாகும்.
* இரட்டிப்பு நீக்கம்: ஒரே மாதிரியான துண்டுகளை ஒருமுறை மட்டும் சேமிக்க ஓர் அட்டவணை தேவை. இசட்.எப்.எஸ். கோப்பு முறைமையில் ஒரு துண்டுக்கு ஏறத்தாழ 320 பைட்டு எனக் கணக்கிடுவது வழக்கம். அதன்படி 1 டெராபைட் தரவை 128 கிலோபைட் துண்டுகளாகப் பிரித்தால் அட்டவணைக்குச் சுமார் 2.5 கிகாபைட் வேண்டும். 8 கிலோபைட் துண்டுகளாயின் சுமார் 40 கிகாபைட் வேண்டும்.
* சுருக்குதல்: எக்ஸ்.இசட். நிரல் 6ஆம் நிலையில் சுமார் 94 மெகாபைட்டும், 9ஆம் நிலையில் சுமார் 674 மெகாபைட்டும் எடுத்துக்கொள்ளும். இணையாக இயங்கும் பணிகள் கூடக்கூட இத்தேவையும் பெருகும்.
* விருந்தினர் இயங்குதளம்: காப்புநகல் நிரல் மெய்நிகர் இயந்திரத்தின் உள்ளேயே இயங்கினால், உள்ளிருக்கும் பதுக்ககம் வளரும். அதில் எப்பகுதி விடுவிக்கத்தக்கது என்பதைப் புரவலர் கணினி தானாக அறியாது. இதற்கான பலூன் இயக்கி முறையைக் கார்ல் வால்ட்ஸ்பர்கர் 2002 இல் வெளியான ஆய்வுக்கட்டுரையில் விளக்கினார்.

கண்டறிதல்

காப்புநகலுக்கு முன்னும், நடக்கும்போதும், முடிந்த பின்னும் அளவுகளைக் குறித்தல் வேண்டும். லினக்சில் வெற்றிடம் என்று காட்டப்படும் எண்ணை விட, பயன்படுத்தத்தக்கது என்று காட்டப்படும் எண்ணே முதன்மையானது. இது 2014 இல் வெளிவந்த 3.14 கருனிப் பதிப்பு முதல் கிடைக்கிறது.

* வெற்றிடம் குறைந்து, பயன்படுத்தத்தக்க அளவு குறையாதிருந்தால், அது பதுக்ககமே.
* இரண்டும் குறைந்து, ஸ்வாப் எனப்படும் இடமாற்றுப் பரப்பும் நிரம்பினால், அது உண்மையான பற்றாக்குறை. இரவில் வட்டிற்குத் தள்ளப்பட்ட பக்கங்களை மீட்க வேண்டியிருப்பதால், காலையில் மெய்நிகர் இயந்திரங்கள் மந்தமாக இயங்கும்.
* தொடர்ந்து இயங்கும் காப்புநகல் சேவையின் அளவு ஒவ்வோர் இரவும் கூடி, பின் குறையாதிருந்தால், நினைவகக் கசிவை ஐயுறலாம்.

இசட்.எப்.எஸ். முறைமையின் பதுக்ககம், லினக்சில் பயன்பாட்டிலுள்ள நினைவகமாகவே கணக்கிடப்படுவதால் அதனைத் தனியே பார்த்தல் வேண்டும்.

தீர்வுகள்

* பல இயந்திரங்களுக்கு ஒரே நேரத்தில் காப்புநகல் எடுப்பதைத் தவிர்த்து, ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தல்.
* சுருக்கும் நிலையையும் இணைப் பணிகளின் எண்ணிக்கையையும் குறைத்தல்.
* பதுக்ககத்தைத் தவிர்த்து வட்டை நேரடியாகப் படித்தல்.
* காப்புநகல் நிரலுக்குக் கருனியின் கட்டுப்பாட்டுக் குழுக்கள் மூலம் நினைவக வரம்பு விதித்தல். இவ்வசதி 2008 இல் வெளிவந்த 2.6.25 பதிப்பில் அறிமுகமானது.
* இசட்.எப்.எஸ். பதுக்ககத்திற்கு உச்சவரம்பு இடுதல். பிராக்ஸ்மாக்ஸ் 8.1 பதிப்பின் நிறுவி, இதனை மொத்த நினைவகத்தில் 10 விழுக்காடாகவும், மிகுந்தது 16 கிகாபைட்டாகவும் அமைக்கிறது.
* மாறிய தொகுதிகளை மட்டும் படித்தல். வி.எம்.வேர் 2009 இல் வி-ஸ்பியர் 4 பதிப்பில் இவ்வசதியை வழங்கியது.

பதுக்ககத்தைக் கட்டளையிட்டுக் காலி செய்வது தீர்வாகாது. அடுத்த காப்புநகலில் அது மீண்டும் நிரம்பும். இடைப்பட்ட நேரத்தில் பிற நிரல்களும் வேகம் குறையும்.

இவற்றையும் பார்க்க

* மெய்நிகராக்கம்
* லினக்சு கருனி
* காப்புநகல்