பனிமலை லிப்ட் டிக்கெட்: விலை ஏன் ஏறுகிறது, குறைந்த செலவில் பிள்ளைகளை அனுப்ப என்ன வழி?

கார்த்திகை மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஓர் இரவில் சுவிஸிலிருந்து அக்கா அழைத்தார். கிரான் – புலிபாய்ந்தகல் வீதியில் வெள்ளம் ஏறி, அக்கரைக்குப் போகிறவர்கள் தோணிக்கும் உழவு இயந்திரத்துக்கும் காத்து நிற்கும் நாட்கள் அவை. வழமையாக மழையைப் பற்றித்தான் முதலில் கேட்பார். அன்று கேட்கவில்லை.

"தம்பி, பள்ளியில இருந்து கடிதம் வந்திருக்கு. மாசியில ஒரு கிழமை பனிச்சறுக்கு முகாமாம். ஒரு நாள் லிப்ட் டிக்கெட்டே எண்பது பிராங் எண்டு இணையத்தில கிடக்கு. பொடியனுக்குக் காய்ச்சல் எண்டு சொல்லி நிப்பாட்டுவமா எண்டு யோசிக்கன்."

எண்பது பிராங் என்றால் எங்கள் காசில் இருபத்தையாயிரம் ரூபாவுக்கும் மேல். அம்மாவின் மருந்துச் செலவு மாதாமாதம் அக்காவிடமிருந்துதான் வருகிறது. அவர் மனதில் எந்தக் கணக்கு ஓடியது என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் இருந்து கேட்ட அம்மா, "பொடியன அனுப்பச் சொல்லு. ஒரு மாசம் எனக்கு அனுப்பாட்டியும் பறவாயில்ல" என்றார்.

வீட்டில் ஊடகக் கற்கை படித்தவன் நான். கடிதம், படிவம் எது வந்தாலும் என்னிடம்தான் வரும். கடிதத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு, இந்த டிக்கெட் விவகாரத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். சுவிஸிலும் நோர்வேயிலும் கனடாவிலும் பிள்ளை வளர்க்கும் எங்கள் ஆட்கள் பலருக்கு இதே கேள்வி இருக்கும் என்பதால் அறிந்ததை இங்கே எழுதுகிறேன். அங்கிருந்து வரும் காசை எதிர்பார்த்திருக்கும் நாமும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எதற்குக் காசு கொடுக்கிறோம்?

பனிச்சறுக்கில் கீழே வருவதற்குச் செலவில்லை, மேலே போவதற்குத்தான் செலவு. கம்பிவடத்தில் தொங்கும் இருக்கைகளும் கூண்டுகளும் ஆட்களை மலையுச்சிக்குக் கொண்டுபோகின்றன. அவற்றில் ஏறுவதற்கான அனுமதிதான் லிப்ட் டிக்கெட். 1934இல் சுவிஸின் டாவோஸில் ஆட்களைச் சரிவில் இழுத்துச்செல்லும் லிப்ட் ஒன்று ஓடத் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்காவின் சன் வலியில் இருக்கை லிப்ட் வந்தது. அதற்கு முன் சறுக்க விரும்பியவர்கள் பலர் மலையை நடந்தே ஏறினார்கள்.

விலை ஏன் ஏறுகிறது?

முதல் காரணம் பனியே. தாழ்ந்த மலைகளில் பனி குறைந்து வருகிறது. இயற்கைப் பனி போதாத இடங்களில் தண்ணீரை நுண்ணிய துளிகளாகக் குளிர்காற்றில் பீச்சிச் செயற்கைப் பனி செய்கிறார்கள். சுவிஸின் சறுக்குப் பாதைகளில் பாதிக்கு மேல் இந்த வசதியோடுதான் இயங்குகின்றன. இதற்கு நீர்த்தேக்கம், குழாய், பம்பி, மின்சாரம் எல்லாம் வேண்டும். ஒவ்வோர் இரவும் பனியைச் சமப்படுத்தும் கனரக வாகனங்களும் ஓட வேண்டும். பழைய லிப்டுகளை மாற்றவும் பெருந்தொகை தேவை. பனிக்காலம் சுருங்கச் சுருங்க, அந்த முதலீட்டைக் குறைந்த நாட்களில் மீட்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது காரணம் விற்கும் முறை. அமெரிக்காவின் வேல் ரிசோர்ட்ஸ் நிறுவனம் 2008இல் எப்பிக் பாஸ் என்ற சீசன் டிக்கெட்டை 579 டொலருக்கு அறிமுகப்படுத்தியது. பனி விழுமா இல்லையா என்று தெரியுமுன்பே மக்களிடமிருந்து காசை வாங்கிக்கொள்ளும் வழி அது. முன்கூட்டி வாங்குகிறவருக்கு மலிவு, அன்றன்று வாங்குகிறவருக்குக் கடும் விலை. 2024–25 பருவத்தில் வேல் மலையில் உச்ச நாள் ஒன்றின் டிக்கெட் 329 டொலர். அதே பருவத்துக்கான எப்பிக் பாஸ் விற்பனை தொடங்கியபோது 982 டொலர். மூன்று நாள் விலைக்கு முழுப் பருவமும் கிடைத்தது. இந்த நிறுவனம் 2016இல் கனடாவின் விஸ்லரையும், 2022இல் சுவிஸின் அண்டர்மட் நிலையத்தின் பெரும்பங்கையும், 2024இல் கிரான்ஸ் மொன்டானாவையும் வாங்கியது.

விமான டிக்கெட்டைப் போல நாளுக்கு நாள் மாறும் விலையும் சுவிஸுக்கு வந்துவிட்டது. அண்டர்மட், சென்ட் மோரிட்ஸ், செர்மட் போன்ற இடங்களில் ஒரே மலைக்கு ஒரே வாரத்தில் வெவ்வேறு விலை இருக்கும். பெரிய நிலையங்களில் உச்ச நாட்களில் நூறு பிராங்கையும் தாண்டும்.

அக்கா இணையத்தில் பார்த்த விலை இந்த வகையானது. தனியாக, கடைசி நேரத்தில் வாங்குகிறவருக்கான விலை. பள்ளிப் பிள்ளைக்கான விலை அதுவல்ல.

பள்ளி முகாமுக்கு எவ்வளவு கேட்கலாம்?

சுவிஸ் பெற்றோர் அறிய வேண்டிய முக்கியமான விடயம் இது. துர்காவ் மாநிலச் சட்டம் ஒன்று தொடர்பான வழக்கில், சுவிஸ் சமஷ்டி உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அடிப்படைக் கல்வி இலவசம் என்று அரசியலமைப்பு சொல்கிறது. ஆகவே கட்டாயப் பள்ளிக் காலத்தில், பிள்ளை கட்டாயம் போகவேண்டிய முகாமுக்குப் பெற்றோரிடமிருந்து சாப்பாட்டுக் காசு மட்டுமே வாங்கலாம். அதுவும் பிள்ளை வீட்டில் இல்லாததால் மிச்சமாகும் அளவுதான். வயதைப் பொறுத்து நாளொன்றுக்கு 10 முதல் 16 பிராங் வரை என்று நீதிமன்றம் கணக்கிட்டது. லிப்ட் டிக்கெட், பயணம், தங்குமிடம் ஆகியவற்றின் செலவைப் பெற்றோர் தலையில் போட முடியாது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். விடுமுறையில் நடக்கும், விரும்பியவர் மட்டும் போகும் முகாம்களுக்கு இந்த வரம்பு பொருந்தாது. கடிதம் கிடைத்ததும் வகுப்பாசிரியரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்:

• இந்த முகாம் கட்டாயமா, விருப்பமா?
• கட்டணத்துக்குள் லிப்ட் டிக்கெட்டும் சறுக்குப் பலகை வாடகையும் அடங்குமா?
• கட்ட முடியாத குடும்பத்துக்குப் பள்ளியிடமோ கெமைண்டவிடமோ உதவி நிதி இருக்கிறதா?

இந்தக் கேள்விகள் ஆசிரியருக்குப் புதியவையல்ல. உள்ளூர்ப் பெற்றோரும் கேட்பவைதான். பள்ளிகளுக்கும் உதவி கிடைக்கிறது. 1972 முதல் இயங்கும் 'யூகென்ட் ப்ளுஸ் ஸ்போர்ட்' என்ற அரசுத் திட்டம் முகாம்களுக்கு மானியம் வழங்குகிறது. 2014இல் தொடங்கிய 'கோஸ்னோ' அமைப்பு தங்குமிடம், சாப்பாடு, லிப்ட், வாடகைப் பலகை எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பள்ளிகளுக்குக் குறைந்த விலையில் ஒழுங்குசெய்கிறது. உங்கள் பள்ளி முகாம் நடத்துவதில்லை என்றால் பெற்றோர் கூட்டத்தில் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

குடும்பமாகப் போக விரும்பினால்

சீசன் டிக்கெட் எங்களுக்குப் புதிதல்ல. இ.போ.ச. பஸ்ஸில் பள்ளிக்குப் போன எல்லோரும் அதை வைத்திருந்தவர்கள்தான். கணக்கும் அதே கணக்கு. எத்தனை தடவை போவீர்கள் என்பதைப் பொறுத்தது.

சுவிஸில் 2016இல் சாஸ் பே நிலையம் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. ஆயிரம் பிராங்கைத் தாண்டியிருந்த பருவ டிக்கெட்டை, 99,999 பேர் சேர்ந்தால் 222 பிராங்குக்குத் தருவதாக அறிவித்தது. அத்தனை பேர் சேரவில்லை. சுமார் 75,000 பேர் சேர்ந்தார்கள். ஆனாலும் சொன்ன விலைக்கே கொடுத்தது. அடுத்த ஆண்டு பிரெஞ்சு பேசும் பகுதியை மையமாகக் கொண்டு 25 நிலையங்கள் ஒன்றுசேர்ந்து மஜிக் பாஸ் என்ற டிக்கெட்டை 359 பிராங்குக்குத் தொடங்கின. இன்று அதில் நிலையங்களும் கூடிவிட்டன, விலையும் கூடிவிட்டது. ஆனாலும் ஒரு விதி மாறவில்லை. குளிர்காலம் முடிந்த கையோடு, அடுத்த பருவத்துக்கு முதலில் வாங்குகிறவருக்குத்தான் ஆகக் குறைந்த விலை. மார்கழியில் போய்க் கேட்டால் மலிவு போயிருக்கும்.

பருவத்தில் ஓரிரு நாள் மட்டும் போகிறவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. பெயர்பெற்ற இடங்களை விட்டு, கிராமத்துச் சிறு லிப்டுகளைத் தேடுங்கள். முதல் நாள் பழகும் பிள்ளைக்குப் பெரிய மலை தேவையில்லை. பல நிலையங்களில் பழகுநர் சரிவுக்கு மட்டும் தனி டிக்கெட் உண்டு. அரை நாள் டிக்கெட்டும் உண்டு. சில இடங்களில் சனிக்கிழமைகளில் பெற்றோருடன் வரும் பிள்ளைகளுக்கு இலவசம். வருமானம் குறைந்தவர்களுக்குக் காரித்தாஸ் வழங்கும் குல்டூர்லெகி அட்டை விளையாட்டு, கல்வி, கலை எனப் பலவற்றுக்கும் கழிவு தரும். உங்கள் பகுதியில் எந்த மலை நிலையம் சேர்ந்திருக்கிறது என்று அதன் பட்டியலில் பாருங்கள்.

நோர்வேயில் பல நிலையங்களில் தலைக்கவசம் அணிந்த ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு லிப்ட் இலவசம். 'பூவா' என்ற இரவல் நிலையங்களில் சறுக்குப் பலகையும் சப்பாத்தும் இலவசமாக வாங்கிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுக்கலாம். சமதரையில் நடந்து சறுக்கும் முறைக்கு லிப்டே தேவையில்லை. ஒஸ்லோவில் 1ஆம் இலக்க மெட்ரோவில் புரொக்னசெத்தெரன் வரை போய் இறங்கினால் காட்டுக்குள் பனிப்பாதை தொடங்கிவிடும். அதில் போகக் கட்டணம் இல்லை.

ரொறன்ரோவில் ஏர்ள் பேல்ஸ் பூங்காவிலும் சென்ரெனியல் பூங்காவிலும் மாநகராட்சியின் சிறு சறுக்கு மேடுகள் உள்ளன. பெரிய மலைகளைப் போலச் செலவாகாது. கனடியப் பனிச்சறுக்கு மன்றம் 4ஆம், 5ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கென ஒரு மலிவான பனி அட்டையைப் பல ஆண்டுகளாக வழங்கிவருகிறது. அதன் விதிகள் மாறக்கூடும் என்பதால் அந்தந்த ஆண்டு பார்த்து விண்ணப்பியுங்கள்.

உடுப்பும் காயமும்

டிக்கெட்டுக்கு அடுத்த செலவு பலகை, சப்பாத்து, உடுப்பு. வளரும் பிள்ளைக்குப் புதிதாக வாங்க வேண்டாம். பருவ வாடகைக்கு எடுக்கலாம். இலையுதிர் காலத்தில் சுவிஸ் ஊர்களில் நடக்கும் 'ஸ்கிபோர்ஸ' என்ற பழைய பொருள் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். தலைக்கவசம் மட்டும் அளவாக, அடிபடாததாக இருக்க வேண்டும்.

காப்புறுதியையும் பாருங்கள். சுவிஸில் அடிப்படை மருத்துவக் காப்புறுதி மீட்புச் செலவில் பாதியையே, அதுவும் ஆண்டுக்கு 5,000 பிராங் வரைதான் தரும். ஹெலிகொப்டர் வந்தால் மிச்சம் உங்கள் தலையில் விழலாம். பிள்ளையின் காப்புறுதியில் விபத்து சேர்ந்திருக்கிறதா என்பதை மலைக்குப் போகுமுன் உறுதிசெய்யுங்கள்.

இரண்டாம் பக்கம்

எங்கள் மாமா ஒருவர் தொண்ணூறுகளில் சுவிஸுக்குப் போனவர். மலையூர் ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவத் தொடங்கி அங்கேயே சமையற்காரராக ஆனார். இதற்காக அவரிடமும் பேசினேன். "சன்னலால ஒவ்வொரு நாளும் லிப்ட் போறதப் பாப்பன். ஒருநாளும் ஏறல்ல. அது நம்மட ஆக்களுக்கு இல்ல எண்டு நினைச்சிற்றன்" என்றார். காசில்லாத ஆண்டுகள் முடிந்த பிறகும் அந்த நினைப்பு மட்டும் அவரிடம் தங்கிவிட்டது. பிள்ளைகளையும் அவர் அனுப்பவில்லை. முகாமுக்குப் போகாத பிள்ளை அந்தக் கிழமை வேறு வகுப்பில் உட்கார்ந்திருக்கும். மற்றப் பிள்ளைகள் திரும்பிவந்து பேசும் கதையில் அதற்கு இடமிருக்காது.

அக்கா அனுப்பிய கடிதத்தில் இரண்டு பக்கங்கள் இருந்தன. முதல் பக்கத்தில் கொண்டுவர வேண்டிய பொருட்களின் பட்டியல். அதைப் பார்த்தே அவர் பயந்துபோயிருந்தார். இரண்டாம் பக்கத்தின் அடியில், மொழிபெயர்ப்புச் செயலி வழியாக நான் வாசித்தது இது: ஐந்து நாட்களுக்கான சாப்பாட்டுப் பங்களிப்பு 80 பிராங். லிப்ட் டிக்கெட்டும் பலகை வாடகையும் பள்ளியின் பொறுப்பு. சிரமமுள்ளவர்கள் வகுப்பாசிரியரைத் தொடர்புகொள்ளவும்.

ஒரு நாளுக்கென்று அவர் பயந்த தொகைதான் முழுக் கிழமைக்கும்.

மாசியில் மருமகன் லிப்டில் இருந்து வீடியோவில் அழைத்தான். அம்மா கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கால் தொங்குது, கம்பியப் பிடி மனே" என்று கத்தினார். அவன் சிரித்தான். அந்த மாதமும் மருந்துக்காசு வந்தது.

கடிதம் வந்தால் கடைசிப் பக்கம் வரை வாசியுங்கள். விளங்காவிட்டால் விளங்கியவரிடம் கொடுங்கள். காய்ச்சல் என்று எழுதுமுன் ஆசிரியரிடம் ஒருதடவை கேளுங்கள்.