சிறு ரிவால்வரின் கதை

ரிவால்வர் என்றதும் திரைப்படத்து வில்லனும், போலீஸ் அதிகாரியின் இடுப்புப் பட்டையுமே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அமெரிக்க நாட்டுப்புறத்திலோ அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. தூண்டில் போடச் செல்பவன் தன் பெட்டியின் ஓரத்தில் வைத்துக்கொள்வது. விடுமுறை மாலையில் வேலிக் கம்பத்தின்மீது தகர டப்பாவை நிறுத்திவைத்துத் தகப்பன் மகனுக்குக் குறிபார்க்கக் கற்றுக்கொடுப்பது. இலையுதிர் காலத்தில் முயலும் அணிலும் தேடிக் காட்டுக்குச் செல்வோன் கொண்டுசெல்வது. இது .22 ரிவால்வர். குழலின் விட்டம் ஓர் அங்குலத்தில் நூற்றில் இருபத்திரண்டு பங்கு, அதாவது ஏறத்தாழ ஐந்தரை மில்லிமீட்டர். ஒரு பட்டாணிக் கடலையின் பருமனும் இல்லாத குண்டு. இந்தச் சிறு கருவியில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியை அந்நாட்டார் நூறாண்டுகளுக்கு மேலாக விவாதித்து வந்திருக்கின்றனர். அவ்விவாதத்தின் வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

கதை தொடங்குவது அமெரிக்காவில் அன்று, பிரான்சில். 1845-ஆம் ஆண்டில் ஃப்ளோபேர் என்ற துப்பாக்கித் தொழிலர் ஒரு சிறு வேடிக்கை செய்தார். அக்காலத் துப்பாக்கிகளில் மருந்தைப் பற்றவைக்கச் செம்பினாலான சிறு தொப்பி ஒன்றைப் பயன்படுத்துவர். சுத்தி அதன்மேல் விழுந்தால் தீப்பொறி பிறக்கும். ஃப்ளோபேர் அந்தத் தொப்பியின் வாயிலேயே ஒரு சிறு குண்டைப் பொருத்திவிட்டார். வெடிமருந்து தனியாக வேண்டியதில்லை. தொப்பிக்குள் இருந்த வெடிப்பொருளே குண்டைத் தள்ளிற்று. புகை குறைவு, ஓசையும் குறைவு. செல்வர் வீட்டு வரவேற்பு அறைகளில் விருந்துக்குப் பின் ஆடவரும் பெண்டிரும் சுவரில் மாட்டிய இலக்கைச் சுட்டு மகிழ்ந்தனர். விளையாட்டுப் பொருளாகவே அது பிறந்தது.

அந்த விளையாட்டுப் பொருளில் ஒரு தொழிலையே கண்டவர்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஹோரஸ் ஸ்மித், டேனியல் வெஸ்ஸன் என்ற இருவர். அதுவரை ரிவால்வர் என்றால் சாமுவேல் கோல்ட் 1836-இல் உரிமை பெற்ற முறைதான். அதன் சுழல் உருளையில் ஒவ்வோர் அறைக்கும் பின்புறம் மூடியிருக்கும். முன்புறமாக மருந்தைக் கொட்டி, குண்டை இடித்துச் செலுத்தி, பின்புறம் தொப்பி மாட்ட வேண்டும். ஆறு முறை சுட்டபின் மறுபடி நிரப்புவதற்குள் முயல் அடுத்த ஊருக்கே போய்விடும். ஸ்மித்தும் வெஸ்ஸனும் குண்டு, மருந்து, பற்றவைக்கும் பொருள் மூன்றையும் ஒரே செம்புக் கூட்டில் அடக்கினர். கூட்டின் அடிவிளிம்புக்குள் வெடிப்பொருளைப் பரப்பினர். சுத்தி விளிம்பை நசுக்கினால் தோட்டா வெடிக்கும். விளிம்புத் தோட்டா என்று நாம் சொல்லலாம். 1857-இல் இத்தோட்டாவோடு ஏழு அறைகள் கொண்ட அவர்களுடைய முதல் ரிவால்வர் விற்பனைக்கு வந்தது. ஏறத்தாழ 1.9 கிராம் எடையுள்ள குண்டு, கால் கிராம் அளவு கரிமருந்து, இவ்வளவே. பின்னாளில் .22 ஷார்ட் என்று பெயர் பெற்ற தோட்டா இதுவே.

இத்தோட்டா ஏன் சிறியதாக இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சுத்தியின் அடியில் விளிம்பு நசுங்க வேண்டுமானால் உலோகத் தகடு மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய தகடு பெரிய வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே பெரிய தோட்டாக்கள் காலப்போக்கில் நடுவில் தனித் தொப்பி பொருத்தும் முறைக்குப் போய்விட்டன. விளிம்பு முறை சிறிய அளவிலேயே நிலைத்தது. அதன் பலவீனமே அதற்கு வாழ்வளித்தது எனலாம். செய்வதற்கு எளிது, விலை மலிவு, அதிர்ச்சி மிகக் குறைவு.

உருளையை முன்பின்னாகத் துளைத்துப் பின்புறமாகத் தோட்டா இடும் முறைக்கு 1855-இலேயே ரோலின் வைட் என்பவர் உரிமை பெற்றிருந்தார். ஒரு ரிவால்வருக்கு இருபத்தைந்து சென்ட் வீதம் அவருக்குத் தருவதாக ஸ்மித்தும் வெஸ்ஸனும் ஒப்பந்தம் செய்தனர். ஆனால் அவ்வொப்பந்தத்தில் ஒரு நுணுக்கம் இருந்தது: உரிமையைக் களவாடுவோர்மீது வழக்குத் தொடுக்கும் செலவு வைட்டின் தலையில் விழுந்தது. 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தபோது வீரர்கள் தம் சொந்தப் பணத்தில் இச்சிறு ரிவால்வரை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டனர். போலிகளும் பெருகின. வைட் நீதிமன்றப் படிகளை ஏறி இறங்கினார். 1869-இல் உரிமைக்காலம் முடிந்ததும், தமக்கு நியாயம் வேண்டுமென்று நாடாளுமன்றத்தை அணுகினார். அவருக்குச் சாதகமாக வந்த மசோதாவைக் குடியரசுத் தலைவர் கிராண்ட் 1870-இல் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பிவிட்டார். போரில் படைகளை நடத்திய அதே கிராண்ட்தான்.

உரிமை தீர்ந்ததும் ஆளுக்கொரு பட்டறையில் மலிவான .22 ரிவால்வர்கள் வெளிவந்தன. குறிபார்க்க அவை பெரும்பாலும் உதவவில்லை. பிடி சிறியது, குழல் குட்டை, முனையில் ஒரு குமிழ், அதுவே குறி. சுடும் கலையை மெய்யாகவே விரும்பியோர் ஒற்றைத் தோட்டா இடும் நீண்ட கைத்துப்பாக்கிகளையே நாடினர். இதற்கிடையே தோட்டாவும் வளர்ந்தது. 1887-இல் ஸ்டீவன்ஸ் நிறுவனம் 2.6 கிராம் குண்டு பொருத்திய .22 லாங் ரைபிள் என்ற தோட்டாவைக் கொணர்ந்தது. இன்று உலகில் மிகுதியாகச் சுடப்படும் தோட்டா அதுவே.

நல்ல தோட்டா கிடைத்தும் நல்ல ரிவால்வர் கிடைக்காத நிலையை மாற்றியவர் ஒரு கடைக்காரர். சான்ஃபிரான்சிஸ்கோ நகரில் துப்பாக்கி வணிகம் செய்த பிலிப் பெக்கார்ட், .32 அளவு ரிவால்வருக்கான பெரிய சட்டத்தில், கனமான நீண்ட குழலோடு, ஒரு .22 ரிவால்வர் வேண்டுமென்று ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தைக் கேட்டார். நிறுவனம் தயங்கிற்று. சிறு தோட்டாவுக்குப் பெரிய துப்பாக்கியை யார் வாங்குவர்? பெக்கார்ட் ஆயிரம் துப்பாக்கிகளுக்கு முன்பதிவு தந்து அவர்கள் வாயை அடைத்தார். 1911-இல் ஆறு அங்குலக் குழலோடு அது வெளிவந்தது. ஒரு கடைக்காரர் தம் வாடிக்கைக்காரரின் கையை அறிந்திருந்த அளவு தொழிற்சாலை அறிந்திருக்கவில்லை.

நீண்ட குழல் ஏன் வேண்டும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ரிவால்வரில் பின்புறக் குறிவெட்டும் முன்புறக் குறிமுனையும் ஒரு நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஆறு அங்குலக் குழலில் இவ்விரண்டுக்கும் இடைவெளி ஏறத்தாழ 18 சென்டிமீட்டர். நான்கு அங்குலக் குழலில் ஏறத்தாழ 13. கை நடுக்கத்தால் முன்முனை கால் மில்லிமீட்டர் விலகிற்று என்று கொள்வோம். இருபத்தைந்து மீட்டர் தூரத்தில் நீண்ட குழலின் குண்டு மூன்றரை சென்டிமீட்டர் தவறும். குட்டைக் குழலின் குண்டு ஐந்து சென்டிமீட்டர் தவறும். அட்டையில் வரைந்த வட்டத்தைச் சுடுபவனுக்கு இது சில மதிப்பெண்களின் இழப்பு மட்டுமே. வேட்டைக்காரனுக்கு அப்படியன்று. அமெரிக்கச் சாம்பல் அணிலை நம் வீட்டு முற்றத்தில் ஓடும் மூவரி அணிலாக எண்ணிவிடக் கூடாது. அரைக் கிலோ எடையுள்ள அதனைக் குழம்பு வைத்து உண்பவர்கள் இருக்கிறார்கள். அதன் தலை ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தின் அளவே. அங்கே பட்டால் அது உடனே சாகும். வயிற்றிலோ தொடையிலோ பட்டால் மரப்பொந்துக்குள் ஓடி மறைந்து, யாருக்கும் பயனின்றி நெடுநேரம் துடித்துச் சாகும். சிறு தோட்டா பிழையை மன்னிப்பதில்லை. கைத்துப்பாக்கியிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 300 மீட்டர் வேகத்தில் புறப்படும் அந்த 2.6 கிராம் ஈயம் உரிய இடத்தில் படாவிட்டால், அது வேட்டை ஆகாது, வதை. தம் கைக்குறியின் எல்லை பதினைந்து மீட்டர் என்று அறிந்தவர் அதற்கு அப்பால் சுடலாகாது. அதற்கு மேல் நீள்துப்பாக்கியே தகும் என்பது என் கருத்து.

எனினும் நீண்ட குழலுக்கும் ஒரு குறை உண்டு: அதைச் சுமக்க வேண்டும். 1931 வாக்கில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வெளியிட்ட கே-22 என்ற ரிவால்வர் ஒரு கிலோ எடை. கையில் ஆடாமல் நிற்கும். துல்லியத்தில் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிகளோடு போட்டியிடும். ஆனால் மீன்பிடிப்பவன் நாள் முழுதும் இடுப்பில் ஒரு கிலோ இரும்பைக் கட்டிக்கொண்டு ஓடையில் நிற்பானா? அவனுக்காக 1930-களின் நடுவில் அதே நிறுவனம் நான்கு அங்குலக் குழலோடு, ஏறத்தாழ 600 கிராம் எடையில், மற்றொன்றைச் செய்தது. சாமான் பையில் அடங்குவதால் அதற்குக் கிட் கன் என்றே பெயரிட்டது. பையில் இருக்கும் சிறு துப்பாக்கி வீட்டில் கிடக்கும் பெரிய துப்பாக்கியைவிட மேல் என்பது ஒரு சாரார் வாதம். இலக்கில் படாத துப்பாக்கி பையில் இருந்து என்ன பயன் என்பது மறுசாரார் வாதம். இவ்வழக்கு இன்றுவரை தீரவில்லை.

தோட்டாவின் வேதியியலும் தேர்வில் புகுந்தது. பழைய தோட்டாக்களின் பற்றுப்பொருளில் இருந்த குளோரேட் உப்பு, சுட்டபின் குழலில் படிந்து ஈரத்தை இழுக்கும். துடைக்காமல் விட்டால் இரண்டே நாளில் துரு. கரிமருந்துக் காலத்தில் மிகுந்த கரி அவ்வுப்போடு கலந்து அதன் கடுமையைத் தணித்தது. புகையில்லா மருந்து வந்தபின் உப்பு மட்டுமே எஞ்சிற்று. எத்தனையோ நல்ல குழல்கள் இவ்வாறு பாழாயின. 1920-களின் பிற்பகுதியில் ரெமிங்டன் நிறுவனம் துருப்பிடிக்கச் செய்யாத தோட்டாவை அமெரிக்கச் சந்தைக்குக் கொணர்ந்தது. 1930-இல் அதிவேகத் தோட்டாக்கள் வந்தன. அவற்றின் அழுத்தத்தில் கூட்டின் விளிம்பு சில வேளை கிழிந்து, சூடான வாயு சுடுபவன் முகத்தை நோக்கிப் பீறிட்டது. ஆகையால் விளிம்பு முழுதும் எஃகுக்குள் பதியுமாறு உருளையின் அறைகளைக் குடைந்து அமைக்கத் தொடங்கினர். பழைய .22 ரிவால்வர் வாங்குவோர் முதலில் உருளையின் பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்பது இதனால்தான்.

1915-இலேயே கோல்ட் நிறுவனம் தானியங்கி .22 கைத்துப்பாக்கியைத் தந்துவிட்டது. போட்டிக் களத்தில் சிறிது சிறிதாக அதுவே வென்றது. ஆயினும் ரிவால்வர் அழியவில்லை. தானியங்கிக்கு ஒரே வகைத் தோட்டா வேண்டும். ரிவால்வரோ ஷார்ட், லாங், லாங் ரைபிள் மூன்றையும் ஒரே அறையில் ஏற்கும். பாம்புக்கென்று பொடிச் சன்னம் நிரப்பிய தோட்டாவையும் ஏற்கும். உருளையைத் திறந்தால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும். புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு வேறில்லை.

பாதுகாப்பு என்றதும் மற்றொரு செய்தி. 1953-இல் வில்லியம் ருகரின் நிறுவனம் சிங்கிள்-சிக்ஸ் என்ற ரிவால்வரை வெளியிட்டது. கௌபாய்க் கதைகளில் வரும் பழைய அமைப்பு. ஒவ்வொரு முறையும் சுத்தியைக் கட்டைவிரலால் பின்னிழுத்துச் சுட வேண்டும். தொலைக்காட்சியில் கௌபாய்ப் படங்கள் பெருகிய காலம் அது, பெருவாரியாக விற்றது. பழைய அமைப்போடு பழைய ஆபத்தும் வந்தது. ஆறு அறைகளையும் நிரப்பிச் சுத்தியை இறக்கி வைத்திருந்தால், அது தோட்டாவின் விளிம்பின்மேலேயே உட்கார்ந்திருக்கும்; துப்பாக்கி கல்லின்மேல் விழுந்தால் வெடிக்கும். ஆகவே அறிந்தோர் ஐந்தே தோட்டாக்கள் இட்டு, ஆறாவது அறையைக் காலியாகச் சுத்தியின் கீழ் நிறுத்திவைப்பர். எல்லோரும் அறிந்தோர் அல்லரே. காயங்களும் வழக்குகளும் நேர்ந்தன. 1973-இல் அந்நிறுவனம் விசையை இழுத்தாலன்றிச் சுத்தியின் அடி ஊசியை எட்டாதபடி நடுவே ஓர் இடைத்தகடு வைத்து அமைப்பை மாற்றிற்று. பின்னர்ப் பழைய ரிவால்வர்களை அனுப்பினால் கட்டணமின்றி மாற்றித் தரவும் முன்வந்தது. வாங்குவோர் அது பழைய அமைப்பா, புதியதா என்று முதலில் கேட்க வேண்டும். குழலின் நீளமெல்லாம் அதற்குப் பின்னர்.

நம் நாட்டில் இந்தத் தேர்வு வேறு வகையானது. 1878-இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டமும், விடுதலைக்குப் பின் 1959-இல் இயற்றிய ஆயுதச் சட்டமும் ரிவால்வரை உரிமம் பெற்றோர்க்கே உரியதாக்கின. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் சிறுவேட்டைப் பொழுதுபோக்குக்கு இங்கே இடமில்லை. கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வரும், கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இஷாப்பூர் தொழிற்சாலை செய்த .22 ரிவால்வரும் தற்காப்பை முன்னிட்டு வந்தவை. குறிபார்க்கும் கலையோ போட்டிக் களங்களில் வளர்ந்தது.

1857-இன் அந்தக் கால் கிராம் மருந்துத் தோட்டா நம் காலம்வரை களத்தில் இருந்தது. ஒலிம்பிக் போட்டிகளில் இருபத்தைந்து மீட்டர் விரைவுச் சுடுதலுக்கு அதிர்ச்சி குறைந்த .22 ஷார்ட்டையே வீரர்கள் பயன்படுத்தினர். 2004-இல் ஏதென்சில் நடந்ததே அதற்குக் கடைசி. பின்னர் விதி மாறி .22 லாங் ரைபிள் வந்தது. அத்தோட்டாவைக் கொண்டுதான் இமாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த படைவீரர் விஜய் குமார் 2012-இல் இலண்டனில் இந்தியாவுக்கு வெள்ளிப் பதக்கம் வென்றார்.