கிட்டங்கி முதல் ஹாஸ்டல் வரை: வழிப்போக்கர் தங்கிய இடங்களும் அவற்றின் பெயர்களும்



குளுவாங்கிலிருந்து மெர்சிங் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த சிற்றூர் காஹாங். எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவுக்குக் கம்போங் பேத்தா வழியாகச் செல்வோர் இங்கிருந்துதான் காட்டுவழியில் திரும்புகின்றனர். ஆகவே, தோட்டங்கள் சூழ்ந்த இவ்வூருக்கு வழிப்போக்கர் புதியவர் அல்லர். ஜொகூர்ச் சாலையோரங்களில் அவர்களுக்காக 'ஹோம்ஸ்தே' என்றும் 'ரூமா தும்பாங்ஙான்' என்றும் பலகைகள் நிற்கின்றன. 'தும்பாங்' என்னும் மலாய்ச் சொல், பிறர் வண்டியில் உடன்செல்வதையும் பிறர் வீட்டில் தங்குவதையும் ஒருங்கே குறிக்கும். இத்தகைய இடத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்று மாணவரைக் கேட்டால் 'விடுதி' என்பர். அல்லது 'ஹாஸ்டல்' என்பர்.

இவ்விரண்டுக்கும் முன்னரே, கடல் கடந்து வந்த நம் முன்னோர் தலைசாய்த்த இடங்களுக்குப் பெயர்கள் இருந்தன. அப்பெயர்களைத் தேடின் நாம் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரின் சைனாடவுனுக்குச் செல்லல் வேண்டும். குறைந்த செலவில் தங்க விரும்பும் இளம் பயணியர் இன்று நாடிச் செல்லும் ஹாஸ்டல்கள் பல அங்கேதான் உள்ளன. சீனர் குடியிருப்பில் தமிழ்ச் சொல்லுக்கு என்ன வேலை என்னும் ஐயம் எழலாம். அவ்வையத்தைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தெருப்பெயர்கள் சொல்லும் செய்தி

1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் சீனர் குடியிருப்பும் சூலியர் குடியிருப்பும் சிங்கப்பூர் ஆற்றின் ஒரே கரையில் அடுத்தடுத்து அமைந்தன. சூலியர் என்போர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள். 1826இல் அவர்கள் தொடங்கிய ஜாமியா பள்ளிவாசல் சவுத் பிரிட்ஜ் சாலையில் இன்றும் உள்ளது. அதன் பக்கத்துத் தெருவே மோஸ்க் ஸ்திரீட். பினாங்கிலிருந்து 1819இல் ராஃபிள்ஸுடன் வந்த நாராயண பிள்ளையின் முன்முயற்சியால் 1827இல் எழுந்த மாரியம்மன் கோவில் அதே சாலையில் சில அடி தொலைவில் நிற்கிறது. அக்கோவிலின் கோபுரத்தைக் கண்டே பகோடா ஸ்திரீட் அப்பெயர் பெற்றது. சைனாடவுனின் நடுவிலுள்ள இரு தெருக்கள் தமிழர் எழுப்பிய இரு வழிபாட்டிடங்களின் பெயரால் வழங்குகின்றன. இதனை அங்குத் தங்கும் பயணியருள் அறிந்தோர் சிலரே. நம் மாணவருள்ளும் சிலரே.

மாரியம்மன் கோவில் வழிபாட்டிடமாக மட்டும் இருந்ததில்லை. புதிதாக வந்திறங்கிய தமிழர், வேலையும் நிலையான இருப்பிடமும் கிடைக்கும் வரை அங்கு அடைக்கலம் பெற்றனர். ஆகவே, சைனாடவுனில் தமிழ் வழிப்போக்கனுக்கு அமைந்த முதல் தங்குமிடங்களுள் ஒன்று கோவில் எனலாம். தமிழகத்தில் மடமும் சாவடியும் சத்திரமும் செய்த பணியை இங்குக் கோவிலே ஏற்றது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, இராமேசுவரம் செல்வோருக்காக ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தை அமைத்த காலத்துக்கும் இக்கோவிலின் தோற்றத்துக்கும் இடையே ஒரு தலைமுறை இடைவெளிதான் உண்டு. வந்தவர்கள் அவ்வழக்கத்தைத் தம்முடன் கொண்டுவந்தனர்.

கிட்டங்கி

கோவிலிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் மார்க்கெட் ஸ்திரீட் உள்ளது. தமிழர் அதனைச் 'செட்டித் தெரு' என்றே வழங்கினர். நகரத்தார் பெருமக்களின் கிட்டங்கிகள் அங்கு இருந்தன. கிட்டங்கி என்பது நீண்ட கூடத்தையுடைய கடைவீடு. பகலில் ஒவ்வொரு நிறுவனத்தின் முகவரும் தமக்குரிய பெட்டியின் முன் தரையில் அமர்ந்து கொடுக்கல் வாங்கல் செய்வார். இரவில் அதே கூடத்தில் பாய் விரித்து உறங்குவார். பொதுச் சமையல்; பொது உணவு. குடும்பத்தைச் செட்டிநாட்டில் விட்டு, ஏறத்தாழ மூன்றாண்டுத் தவணையில் வந்து திரும்பிய ஆடவர்க்கு அதுவே அலுவலகம், அதுவே வீடு.

இச்சொல்லின் பயணம் மொழியியல் மாணவர் அறிய வேண்டியது. தமிழில் 'கிடங்கு', தெலுங்கில் 'கிட்டங்கி' என வழங்கும் சொல் மலாயில் 'கூடாங்' ஆயிற்று; அங்கிருந்து ஆங்கிலத்தில் 'கோடவுன்' ஆயிற்று; ஆங்கிலத்திலிருந்து 'குடோன்' எனத் தமிழுக்கே திரும்பி வந்தது. சொற்பிறப்பாளர் பலரின் கருத்து இது. ஒரே சொல் சரக்கை வைக்கும் இடமாகக் கடல் சுற்றி வந்தபோது, செட்டித் தெருவில் அது மனிதர் உறங்கும் இடமாகவும் பொருள் விரிந்தது. சரக்கும் கணக்கும் ஆளும் ஒரே கூரையின் கீழ் இருந்த வாழ்வை இப்பொருள் விரிவு காட்டுகிறது. 1970களில் நகரச் சீரமைப்பில் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள் மறைந்தன. கட்டடம் போயிற்று, அந்தப் பொருளில் அச்சொல்லைக் கேட்டறிந்தோரும் இப்போது முதியோரே.

எனினும், கிட்டங்கியைப் புகழும்போது ஒன்றை மறைத்தல் தகாது. அதன் கதவு ஒரு குலத்தார்க்கே திறந்தது. தோட்டத்துக்கு வந்த பாட்டாளிக்கு அங்கு இடமில்லை. அவருடைய வழி வேறு. நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ இருந்த முகாமில் காத்திருந்து, கப்பலேறி, இங்கு நோய்த்தடுப்பு முகாமில் நாள் கழித்து, பின் நேரே தோட்டத்து லயத்துக்குச் சென்றவர் அவர். 1938இல் இந்திய அரசு அத்தகைய குடியேற்றத்தைத் தடை செய்யும் வரை அவ்வழி நீடித்தது. ஜொகூர்த் தோட்டப்புறங்களின் முதியோர் நினைவில் கிட்டங்கி இல்லாமல் லயம் மட்டும் இருப்பதற்குக் காரணம் இதுவே.

கூலிகெங்

சீனப் பாட்டாளிக்கும் இதே நிலைதான். பகோடா ஸ்திரீட்டிலும் அதனைச் சூழ்ந்த தெருக்களிலும் இருந்த கடைவீடுகளின் மேல்மாடிகள் அவர்கள் உறங்கும் இடங்களாயின. ஒரே ஊரினர், ஒரே கிளைமொழி பேசுவோர், ஒரே தொழில் செய்வோர் என அறைகள் பிரிந்தன. அவ்வறைக்குக் 'கூலிகெங்' என்று பெயர். இதன் பின்பாதியான 'கெங்', ஹொக்கியனில் அறை. முன்பாதியான 'கூலி' உலகெங்கும் பரவிய சொல். அதற்குக் குஜராத்தின் 'கோலி' என்னும் இனப்பெயரைக் காட்டுவாரும் உளர். ஊதியத்தைக் குறிக்கும் தமிழ்க் 'கூலி'யே மூலம் என்பாரும் உளர். மூலம் எதுவாயினும், தமிழ்ச் செவிக்குப் பழகிய ஒரு சொல்லும் சீனச் சொல்லும் சேர்ந்து ஏழையின் படுக்கைக்குப் பெயராயின. இரு மக்களின் துன்பமும் ஒரே தொடரில் பதிந்துள்ளது.

கிட்டங்கியும் கூலிகெங்கும் செல்வத்தால் வேறுபட்டவை, அமைப்பால் ஒத்தவை. இரண்டின் வாயிலிலும் கேட்கப்பட்ட கேள்வி, "நீ எவ்வூர்? யாருடைய ஆள்?" என்பதே. விடை பொருந்தினால் பாயும் சோறும் வேலையும் கிடைக்கும். நோயுற்றால் பார்ப்பதற்கும் இறந்தால் ஊருக்குச் செய்தி அனுப்புவதற்கும் ஆளிருக்கும். பொருந்தாவிட்டால் அஞ்சடி எனப்படும் கடைவாசல் நடைபாதையே கதி.

ஹாஸ்டலும் விருந்தும்

1989இல் சிங்கப்பூர் அரசு சைனாடவுனைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. இடிபடாது தப்பிய கடைவீடுகளுள் சில பயணியர் ஹாஸ்டல்களாயின. பாட்டாளிகள் நெருங்கிப் படுத்த மாடிகளைப் போன்ற மாடிகளிலேயே இன்று அடுக்குக் கட்டில்கள் உள்ளன. பினாங்கிலும் இதே கதை. சூலியர் பெயரைத் தாங்கிய லெபோ சூலியா இன்று முதுகுப்பைப் பயணியரின் தெரு. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியது. 2008இல் ஜார்ஜ் டவுன் உலக மரபுடைமை ஆயிற்று. பழைய குடியிருப்பாளர் பலர் வெளியேற, அவர்கள் வாழ்ந்த கடைவீடுகள் பலவற்றில் பயணியர் தங்கும் இடங்கள் வந்தன.

இளையோர்க்கான ஹாஸ்டல் என்னும் எண்ணம் ஜெர்மானியப் பள்ளியாசிரியர் ரிச்சர்ட் ஷிர்மானுடையது. மாணவரை நெடுநடைப் பயணம் அழைத்துச் சென்றபோது 1909இல் அவ்வெண்ணம் அவருக்குத் தோன்றிற்று. 1912இல் அல்டெனா கோட்டையில் அது நிலைபெற்றது. 'ஹாஸ்டல்', 'ஹோட்டல்', 'ஹாஸ்பிடல்' மூன்றும் 'ஹோஸ்பெஸ்' என்னும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து வந்தவை. விருந்தினர், விருந்தோம்புவோர் ஆகிய இருவரையும் அவ்வேர்ச்சொல் குறிக்கும்.

நம் 'விருந்து' என்னும் சொல்லின் முதற்பொருள் புதுமை. தொல்காப்பியம் புதுவகை யாப்பில் அமையும் நூலை விருந்து என்றே குறிக்கிறது. ஆகவே விருந்தினர் என்போர் உறவினர் அல்லர். முன்பின் அறியாத புதியவர். இப்பொருளை உரைகல்லாகக் கொண்டால், கிட்டங்கி அறிந்தவரையே ஏற்றது. சத்திரமோ புதியவரை ஏற்றும் பந்தியில் சாதி பார்த்தது. ஊரும் குலமும் கேளாது புதியவருக்கு இடமளிக்கும் இன்றைய ஹாஸ்டல், அந்த ஒரு வகையில், விருந்து என்னும் சொல்லுக்கு நெருங்கி வருகிறது. ஆனால் அது கேட்பது கடவுச்சீட்டும் கட்டணமும் மட்டுமே. மறுநாள் அவர் எங்குச் சென்றார் என்பதை எவரும் கேளார். பழைய இடங்களின் குறுகிய வாயிலையும் அவற்றின் உள்ளிருந்த பரிவையும் ஒருசேர நினைத்தால்தான் வரலாறு நேர்மையாகும்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் நாம் வைக்கும் வேண்டுகோள் எளியது. கட்டடங்களைக் காக்க அரசுகளிடம் சட்டம் உண்டு. சொற்களைக் காக்க நம்மிடம் செவியும் எழுதுகோலும் உண்டு. லயம், கிட்டங்கி, சாவடி, அஞ்சடி, தும்பாங் என ஒவ்வொரு வீட்டிலும் முதியோர் சொல்லும் தங்குமிடச் சொற்களை, அவர்கள் சொன்ன நிகழ்ச்சியோடு மாணவர் எழுதிவரட்டும். காஹாங் போன்ற சிற்றூரின் பள்ளி மாணவருக்கும் இது இயலும்; ஒரு தாளும் ஒரு மாலைப்பொழுதும் போதும். அடுத்த முறை பள்ளிச் சுற்றுலாவில் பகோடா ஸ்திரீட்டைக் கடக்கும் மாணவர், அப்பெயர் எக்கோபுரத்தைச் சுட்டுகிறது என்று தம் தோழருக்குச் சொல்ல வேண்டும். அதனைச் சொல்ல அறியாதவர், தம் முன்னோர் தங்கிச் சென்ற ஊரில் தாமே புதியவராவர்.