எத்தனை மீன் விடலாம்? - ஒரு அப்பா, ஒரு மகன், ஒரு கண்ணாடித் தொட்டி

மும்பை, புனே பக்கம் நம்மவர்கள் வீட்டு ஹாலில் மீன் தொட்டி இருப்பது இப்போது சகஜம். தங்கமீனில் கை பழகியவர்கள் அடுத்து உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குத் தாவுகிறார்கள். வீட்டில் 'ஃபைண்டிங் நீமோ' (2003) பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கேட்கவே வேண்டாம். கடையில் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "நூறு லிட்டர் தொட்டியில எத்தனை மீன் விடலாம்?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் நல்ல கதை ஒன்று இருக்கிறது. அதற்கு லண்டன் வரை போய் வரவேண்டும்.

1846-இல் அன்னா தின் என்ற பெண்மணி இங்கிலாந்தின் டார்க்கீ கடற்கரையிலிருந்து பவள உயிர்களை ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டு வந்தார். தண்ணீர் கெடாமலிருக்க அவர் வீட்டுப் பணிப்பெண் தினமும் ஜன்னலருகே நின்று, நம்மூர் டீ மாஸ்டர் டீ ஆற்றுவது மாதிரி, அரைமணி முக்கால்மணி நேரம் தண்ணீரை ஆற்றுவாராம். இன்றைக்கு ஐந்நூறு ரூபாய் ஏர் பம்ப் செய்கிற வேலை. பவளம் ஏறக்குறைய மூன்று வருஷம் உயிரோடு இருந்தது.

அடுத்து வருகிறவர் ராபர்ட் வாரிங்டன், வேதியியல்காரர். ஏறக்குறைய 12 காலன் பிடிக்கும் கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டே இரண்டு சின்னத் தங்கமீன், கொஞ்சம் நீர்ச்செடி. மீன் விடும் கரியமில வாயு செடிக்கு, செடி விடும் ஆக்சிஜன் மீனுக்கு. அழுகிய இலை தண்ணீரைக் கெடுத்ததால் அதைத் தின்ன நத்தைகளைச் சேர்த்தார். 1850-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். பற்றும் வரவும் டேலி!

ஊரே பைத்தியமானது. 1853-இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன் காட்சிக்கூடம் திறந்தார்கள். அடுத்த வருஷம் ஃபிலிப் ஹென்றி காஸ் 'தி அக்வேரியம்' புத்தகம் எழுதினார். வீட்டுக்கு வீடு கடல் தொட்டி. ஆசைப்பட்டதையெல்லாம் வாங்கிப் போட்டார்கள். தண்ணீர் கலங்கியது, நாறியது, மீன் மிதந்தது. 1860-களில் மோகம் அடங்கிவிட்டது.

ஏன் செத்தன? வாரிங்டன் கணக்கில் ஒரு என்ட்ரி விட்டுப்போயிருந்தது: அம்மோனியா. மீன் தன் செவுள் வழியாகவே அதை வெளியேற்றுகிறது. ஆக்சிஜன் நிறைய இருந்தாலும் அது மீனைக் கொல்லும்.

1877-இல் பிரான்சில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர் சாக்கடைத் தண்ணீரை மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாய் வழியாக விட்டார்கள். முதல் இருபது நாள் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு அம்மோனியா நைட்ரேட்டாக மாறி வந்தது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் நின்றுபோனது. ஆக, வேலை செய்தது மணல் இல்லை, மணலில் குடியேறிய உயிர்கள். புதுத் தொட்டியை மீன் விடாமல் மூன்று நான்கு வாரம் 'சைக்கிள்' செய்யச் சொல்வது இதனால்தான்.

இதைத் தொடர்ந்து ஆராய்ந்து, அம்மோனியா நைட்ரைட்டாவது ஒரு கிருமியால், நைட்ரைட் நைட்ரேட்டாவது வேறொரு கிருமியால் என்று பிரித்துக் காட்டியவர் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்துக்காரர். பெயர் ராபர்ட் வாரிங்டன்! அதே வாரிங்டனின் மகன். அப்பா 1867-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் விட்ட என்ட்ரியை மகன் வயல் மண்ணில் கண்டுபிடித்தார். 1890-இல் வினோகிராட்ஸ்கி அந்தக் கிருமிகளைத் தனியே பிரித்தெடுத்தார்.

பயோலோட் என்பது இதுதான். மீன் தலையை எண்ணினால் போதாது, போடுகிற தீனியை எண்ண வேண்டும். ஒரு கிராம் தீனியில் 45 சதவீதம் புரதம் என்று வையுங்கள். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். ஆக 72 மில்லிகிராம். அதில் பாதி அம்மோனியாவாக வெளியே வந்தாலும், 100 லிட்டரில் ஒரு நாளைக்கு லிட்டருக்கு 0.36 மில்லிகிராம். கிருமிகள் இல்லையென்றால் மூன்றே நாளில் 1 மில்லிகிராமைத் தாண்டும். கடல்நீரின் காரத்தன்மையில் அம்மோனியாவின் விஷம் இன்னும் கூடும். போதாததற்கு, உப்புத்தண்ணீரில் ஆக்சிஜன் நல்ல தண்ணீரில் கரைவதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மே மாதம் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வங்கி பாஷையில் சொன்னால், கிருமிகள்தான் மூலதனம், மீன்கள் கொடுக்கிற கடன். ஒரே நாளில் ஆறு மீன் விடுவது மூலதனம் இல்லாமல் கடன் கொடுப்பது. ஒன்று விட்டு, சில வாரம் பொறுத்து, அடுத்தது. நூறு லிட்டருக்கு ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு சின்ன கோபி. அதற்கு மேல் எனக்குத் துணிச்சல் வராது. நீல டாங் (அதுதான் டோரி) பக்கமே போகாதீர்கள். கையளவுக்கு மேல் வளரும், நீந்த இடம் கேட்கும்.

அளவு தொட்டிக்கு மட்டுமில்லை. காஸ் எழுதியதைப் படித்த கூட்டம் டெவன் கரையின் பாறைக் குட்டைகளைச் சுரண்டித் தீர்த்துவிட்டது. அவர் மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் 'ஃபாதர் அண்ட் சன்' நூலில் அதை வருத்தத்தோடு பதிவு செய்தார். சுண்ணாம்புக்குப் பவளம் வெட்டிய கதை தெரிந்த மன்னார் வளைகுடா ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. இந்தியாவில் 2001-இல் கடல்குதிரையும் பாறைப் பவளங்களும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கடைக்காரர் ரகசியமாகக் காட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கோமாளி மீனுக்கு அந்தக் கவலை இல்லை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அதைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறது. பண்ணையில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள். முதலில் ஒன்றே ஒன்று. மீதித் தொட்டி வெறுமையாகத் தெரிந்தால் தெரியட்டும், அங்கேதான் கிருமிகள் வேலை பார்த்துக்கொண்டிருக்கின்றன.