கப்பல் சுற்றுலாப் பயணிகளுக்கான நுழைவிசைவு நடைமுறை

கப்பல் சுற்றுலாப் பயணிகளுக்கான நுழைவிசைவு நடைமுறை என்பது, சுற்றுலாக் கப்பலில் செல்லும் பயணி ஒருவர் வெளிநாட்டுத் துறைமுகத்தில் இறங்குவதற்கும், பின்னர் புறப்பட்ட நாட்டுக்குத் திரும்புவதற்கும் தேவைப்படும் ஆவண விதிகளின் தொகுப்பு ஆகும். கடவுச்சீட்டு, நுழைவிசைவு (விசா), பயணிகள் பட்டியல், சுங்க அறிவிப்பு ஆகியன இதில் அடங்கும். கப்பல் பயணச்சீட்டு இவற்றுள் எதற்கும் மாற்று ஆகாது.

இருவகை அனுமதி

துறைமுகத்துக்குள் வரக் கப்பல் பெறும் அனுமதியும், கரையிறங்கப் பயணி பெறும் அனுமதியும் வேறு வேறானவை. கப்பல் தலைவர் பயணிகள் பட்டியலை முன்கூட்டியே குடிவரவு அதிகாரிகளுக்கு அனுப்புவார்.

பன்னாட்டுக் கடல் போக்குவரத்தை எளிதாக்கும் 1965ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, 72 மணி நேரத்துக்கு மேற்படாமல் துறைமுகத்தில் நிற்கும் சுற்றுலாக் கப்பலின் பயணிகளிடம் பொதுவாக நுழைவிசைவு கேட்கத் தேவையில்லை. எனினும் சிறப்புச் சூழல்களை நாடுகளே தீர்மானிக்கலாம் என்பதால், நடைமுறை நாட்டுக்கு நாடு மாறுபடுகிறது.

தேவைப்படும் ஆவணங்கள்

* கடவுச்சீட்டு. பல நாடுகள் ஆறு மாதச் செல்லுபடிக் காலத்தை எதிர்பார்க்கின்றன.
* வழியிலுள்ள நாடுகளின் நுழைவிசைவு அல்லது மின்னணுப் பயண அனுமதி. இலங்கை இம்முறையை 2012 சனவரி 1 அன்று அறிமுகப்படுத்தியது.
* மஞ்சள் காய்ச்சல் பரவியுள்ள நாடுகளிலிருந்து வருவோருக்குத் தடுப்பூசிச் சான்றிதழ்.

இந்தியாவை விட்டு வெளியேறும் குடிமகனிடம் கடவுச்சீட்டு அல்லது பயண ஆவணம் இருக்க வேண்டும் என 1967ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டம் கூறுகிறது. இந்தியத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் செல்லும் இந்தியப் பயணிக்கு அடையாள அட்டை போதுமானது. உரிய ஆவணமற்றவரை ஏற்றிவரும் நிறுவனம் தண்டம் செலுத்த நேரிடும். ஆகவே குறை இருப்பின், பயணி புறப்படும் துறைமுகத்திலேயே தடுக்கப்படுகிறார்.

நுழைவு எண்ணிக்கை

பயணிகள் பெரும்பாலும் தவறவிடுவது இதுவே. கப்பல் ஒரு நாட்டை விட்டு வேறொரு நாட்டுத் துறைமுகத்துக்குச் சென்று திரும்பினால், அது புதிய நுழைவாகக் கணக்கிடப்படும். எடுத்துக்காட்டாக, மும்பை, கொச்சி, கொழும்பு, சென்னை என்ற வழியில் இந்தியாவுக்குள் இரண்டு நுழைவுகள் உள்ளன. இந்தியாவின் 30 நாள் மின்னணுச் சுற்றுலா விசா இருமுறை நுழைவுக்கு உரியது. ஓராண்டு, ஐந்தாண்டு விசாக்கள் பலமுறை நுழைவுக்கு உரியவை. இதேபோல், பார்சிலோனாவிலிருந்து துனிசியா சென்று திரும்பும் இந்தியருக்கு ஒருமுறை நுழைவுக்கான செங்கன் விசா போதாது.

சென்னையும் புதுச்சேரியும்

2022 சூன் 4 அன்று சென்னையில் கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரசு கப்பல் சேவையைத் தமிழக முதல்வர் மு. க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். அது உள்நாட்டுப் பயணம் என்பதால் வெளிநாட்டு விசா தேவைப்படவில்லை. எனினும் கப்பலில் சூதாட்டம் நடப்பதாக எதிர்ப்பு எழுந்ததால் புதுச்சேரி அரசு அனுமதி வழங்கவில்லை. பயணிகள் அங்கு இறங்காமலேயே கப்பல் திரும்பியது. பயணியின் ஆவணங்கள் சரியாக இருந்தாலும், கப்பலுக்கு அனுமதி இல்லையெனில் கரையிறங்க இயலாது என்பதற்கு இது சான்று. 2023 சூன் மாதத்தில் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்குச் சென்றது. இப்பயணத்தில் குடிவரவுச் சோதனையும் சுங்கச் சோதனையும் இடம்பெற்றன.

பெரிய முதலியார்சாவடி

மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஆரோவில்லை ஒட்டி அமைந்துள்ள ஊர் பெரிய முதலியார்சாவடி. இப்பகுதியில் தங்கும் வெளிநாட்டவர் சென்னையில் கப்பலேறி இலங்கை சென்று வர விரும்பினால், இந்திய விசாவில் நுழைவு மீதமுள்ளதா எனப் பார்ப்பது இன்றியமையாதது. ஒருமுறை நுழைவு விசா உடையவர், தம் உடைமைகளைத் தங்குமிடத்திலேயே விட்டுச் சென்றாலும், புதிய விசா இன்றித் திரும்ப இயலாது.

சட்ட மாற்றம்

இந்தியாவில் 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு சட்டங்களுக்கு மாற்றாக, 2025ஆம் ஆண்டுக் குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இவற்றையும் பார்க்கவும்

* கடவுச்சீட்டு
* சென்னைத் துறைமுகம்
* காங்கேசன்துறை