பசிபிக் தீர்வு

படகில் வந்து தஞ்சம் கேட்பவர்களைத் தன் மண்ணில் வைத்து விசாரிக்காமல், நவூருவுக்கும் பப்புவா நியூகினியின் மனுஸ் தீவுக்கும் அனுப்பி அடைத்துவைக்க ஆஸ்திரேலியா 2001-இல் வகுத்த கொள்கை. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை 1954-இல் நடைமுறைக்கு வந்ததே, ஆறாவது நாடாக ஆஸ்திரேலியா அதில் இணைந்ததால்தான். அதிலிருந்து நழுவும் வழியைப் பிற நாடுகளுக்குக் காட்டித் தந்ததும் அதே நாடு என்பது வேதனையானது.

2001 ஆகஸ்டில் மூழ்கவிருந்த படகொன்றிலிருந்து 433 பேரை 'டாம்பா' என்ற நார்வே சரக்குக் கப்பல் காப்பாற்றியது. பெரும்பாலோர் தாலிபானுக்கு அஞ்சி ஓடிவந்த ஆப்கானிய ஹசாராக்கள். அவர்களைக் கிறிஸ்துமஸ் தீவில் இறக்க அனுமதி மறுத்த ஆஸ்திரேலியா, கப்பலுக்குள் ராணுவத்தை அனுப்பியது. அடுத்த சில வாரங்களில் கிறிஸ்துமஸ் தீவு உள்ளிட்ட பகுதிகள் 'குடிவரவு மண்டலத்திலிருந்து' சட்டப்படி நீக்கப்பட்டன. 2013-இல் ஆஸ்திரேலியப் பெருநிலம் முழுவதுமே படகில் வருவோருக்கு அப்படி ஆனது. தஞ்சம் கேட்கும் உரிமை ஏட்டில் அப்படியே இருந்தது. அதைக் கேட்க நிற்கும் தரைதான் பறிக்கப்பட்டது.

2008-இல் இந்தக் கொள்கை கைவிடப்பட்டது. ஆனால் நவூரு, மனுஸ் முகாம்கள் 2012-இல் மீண்டும் திறக்கப்பட்டன. அகதி என்று உறுதியானாலும் படகில் வந்தவர் ஆஸ்திரேலியாவில் குடியேறவே முடியாது என 2013 ஜூலையில் அரசு அறிவித்தது. பிறகு படகுகள் நடுக்கடலிலேயே மறிக்கப்பட்டன. 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட 157 பேரில் பெரும்பாலோர் ஈழத்தமிழர், குழந்தைகளும் இருந்தனர். ஏறக்குறைய ஒரு மாதம் அவர்கள் சுங்கக் கப்பலில் அடைக்கப்பட்டிருந்து, கடைசியில் நவூருவுக்கு அனுப்பப்பட்டனர். அந்தக் கடல்சிறை சட்டப்படி சரியே என 2015 ஜனவரியில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏழு நீதிபதிகளில் மூவர் அதை ஏற்கவில்லை. 2014 ஜூலையில் வேறொரு படகில் வந்த 41 பேர், கடலிலேயே சுருக்கமாக விசாரிக்கப்பட்டு இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டனர். எவரிடமிருந்து தப்பினோம் என்று ஒருவர் சொல்கிறாரோ அவர் கையிலேயே அவரைக் கொடுப்பதைத் தடுக்கத்தான் அகதிகள் உடன்படிக்கையின் 33-ஆவது பிரிவு எழுதப்பட்டது.

மனுஸ் முகாம் அரசியலமைப்புக்கு முரணானது என்று பப்புவா நியூகினி உச்ச நீதிமன்றம் 2016-இல் கூறியது. 2017 அக்டோபரில் அது மூடப்பட்டது. ஆயினும் இந்த முறை பிற நாடுகளுக்கும் பரவியது. தஞ்சம் கேட்போரை ருவாண்டாவுக்கு அனுப்ப பிரிட்டன் 2022-இல் போட்ட திட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023-இல் சட்டவிரோதம் என்றது.

மனுஸில் அடைபட்ட குர்து எழுத்தாளர் பெஹ்ரூஸ் பூச்சானி, கைபேசியில் துண்டு துண்டாக வாட்ஸ்அப்பில் அனுப்பி எழுதிய நூல் 2019-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா இலக்கியப் பரிசைப் பெற்றது. அதை வாங்க அவரை அந்நாட்டுக்குள் விடவில்லை.