விட்டவன் விழுக்காடு: திருமலைக் கல்வெட்டுகளில் சோறும் நீரும்

திருவேங்கடத்தின் புனிதம் குறித்த பேச்சு பெரும்பாலும் தலபுராணத்தில் தொடங்கித் தலபுராணத்திலேயே முடிந்துவிடுகிறது. ஆதிசேடனே மலையாகக் கிடக்கிறான் என்பதும், குபேரனிடம் பட்ட கடன் இன்னும் தீரவில்லை என்பதும் அனைவரும் அறிந்தவை. அப்புனிதம் நாள்தோறும் எவ்வாறு நடத்தப்பட்டது, யார் செலவில், யார் உழைப்பில் என்ற வினாக்களுக்குக் கோயிற் சுவர்களே விடை வைத்திருக்கின்றன.

தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தைத் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகச் சுட்டுகிறது. சிலப்பதிகாரம் அங்கு நின்ற கோலத்துத் திருமாலைக் காட்டுகிறது. ஆழ்வார்களுக்கு மலையே தொழத்தக்கது. கருவறை வாயிற்படி இன்றும் குலசேகரன் படி என்று அழைக்கப்படுவது அந்த உணர்வின் எச்சம். ஆயினும் பக்தி மட்டும் ஒரு கோயிலை ஆயிரம் ஆண்டு தாங்குவதில்லை.

பொ.ஆ. 966ஐச் சேர்ந்ததெனக் கணிக்கப்படும் சாசனம் இங்கு முதன்மையானது. சாமவை என்னும் பல்லவ குலப் பெண் வெள்ளித் திருமேனி ஒன்றைச் செய்வித்து, அணிகலன்களும் நிலமும் அளித்து, நித்திய வழிபாட்டுக்கும் புரட்டாசித் திருவிழாவுக்கும் வழி செய்தாள். இன்று போக ஸ்ரீநிவாசர் எனப்படும் அத்திருமேனிக்கே நாள்தோறும் திருமஞ்சனம் நடைபெறுகிறது. மார்கழி நீங்கலாக, இரவில் ஏகாந்த சேவையில் பள்ளிகொள்வதும் அதுவே. கிருஷ்ணதேவராயரை நினைவில் கொள்ளும் அளவுக்குச் சாமவையை எவரும் நினைவில் கொள்வதில்லை. ராயரோ 1513 முதல் 1521 வரை ஏழு முறை மலையேறிப் பொன்னும் மணியும் குவித்தவர். இரு தேவியருடன் கைகூப்பி நிற்கும் செப்புப் படிமமாகக் கோயிலுக்குள்ளேயே இருப்பவர். எனினும் வழிபாட்டின் அன்றாட ஒழுங்கில் ஆழமாகப் பதிந்திருப்பது சாமவையின் கொடைதான்.

ஆய்வாளனுக்கு மிகவும் பயன்தருவன சாளுவ, துளுவ அரசர் காலத்துக் கட்டளைச் சாசனங்கள். அவற்றின் அமைப்பு ஏறத்தாழ ஒரே மாதிரியானது. கொடையாளர் ஒருவர் இத்தனை நற்பணம் ஸ்ரீபண்டாரத்தில் செலுத்துவார். கோயில் நிர்வாகிகளாகிய ஸ்தானத்தார் அப்பணத்தைத் திருவிடையாட்ட ஊர்களில் ஏரி, கால்வாய் வெட்டச் செலவிடுவர். அதனால் பெருகிய விளைச்சலிலிருந்து திருப்போனகமும் அப்பமும் அதிரசமும் பெருமாளுக்கு அமுது செய்விக்கப்படும். அமுது செய்த பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு கொடையாளருக்கு உரியது. அதற்கு விட்டவன் விழுக்காடு என்று பெயர். எஞ்சியது கோயிலாருக்கும் பணியாளருக்கும் பகிரப்படும்.

1960இல் பர்ட்டன் ஸ்டைன் எழுதிய கட்டுரை இக்கோயிலை வேளாண் முதலீட்டு நிறுவனமாக வாசித்தது. அவ்வாசிப்பு வலுவானது, ஆனால் பாதியே உண்மை. பணம் கொடுத்தவர் எதிர்பார்த்தது வட்டியை அன்று, தெய்வம் உண்ட மிச்சத்தை. அப்பங்கைத் தாமே உண்ணாமல் வழிப்போக்கருக்கு ஊட்டியவரும் உண்டு. சாளுவ நரசிம்மர் நிறுவிய இராமானுசகூடங்களைக் கந்தாடை இராமானுச ஐயங்கார் நடத்தினார். கொடையாளரின் விழுக்காடு அங்கு யாத்திரிகருக்குச் சோறாயிற்று. அவர் ஏற்பாட்டின் பயன் பிராமணரல்லாத சாத்தாத ஸ்ரீவைணவருக்கும் சென்றது. எம்பெருமானடியாராகிய கோயிற் பெண்டிரும் கொடையாளர் வரிசையில் இருக்கின்றனர். யார் எந்தப் பங்குக்கு உரியவர் என்பதே அக்காலத்தில் மதிப்பின் அளவுகோல். ஆகவே பிரசாதத்தைப் பொருளாகவும் அருளாகவும் பிரித்துப் பார்க்கும் ஆய்வுமுறை இங்கு செல்லாது.

மொழியும் கவனிக்கத்தக்கது. விஜயநகரப் பேரரசு தெலுங்கையும் கன்னடத்தையும் போற்றிய காலத்திலும் இம்மலையின் சாசனங்களில் பெரும்பாலானவை தமிழிலேயே உள்ளன. தெலுங்கில் பல்லாயிரம் சங்கீர்த்தனங்களைப் பாடிய அன்னமாச்சாரியாரின் வழித்தோன்றல்கள், அவற்றைச் செப்பேடுகளில் பொறித்துக் கோயிலிலேயே காத்தனர்; கொடை என்று வந்தபோது தமிழ்ச் சாசனங்களிலும் இடம்பெற்றனர். கோயிற் கணக்கு எழுதியவர் தலைமுறை தலைமுறையாகத் திருநின்றவூருடையான் என்றே கையெழுத்திட்டிருப்பது இதற்குரிய காரணத்தை ஓரளவு காட்டுகிறது. பாடலின் மொழி வேறு, கணக்கின் மொழி வேறு. இரண்டும் ஒரே சுவர்களுக்குள் முரணின்றி வாழ்ந்தன. இம்மலையை ஒரு மொழியினரின் உடைமையாக்க முனையும் இக்கால வாதங்கள் எத்தரப்பிலிருந்து வந்தாலும் இச்சான்றின்முன் நிற்பதில்லை.

1565ஆம் ஆண்டுப் போருக்குப் பின்னர்ப் படிப்படியாகக் கொடைச் சாசனங்கள் அருகின. 1801இல் கிழக்கிந்தியக் கம்பனி கோயிலைத் தன் மேற்பார்வையில் கொண்டு, காணிக்கையை வருவாயாகக் கருதியது. 1843இல் அது விலகி, நிர்வாகத்தை ஹாதிராம்ஜி மடத்திடம் ஒப்படைத்தது. 1933இல் சென்னை மாகாணச் சட்டம் ஒன்றின்வழித் தேவஸ்தான அமைப்பு உருவாயிற்று. சாசனங்கள் தொகுதிகளாக அச்சேறியதும் அப்பத்தாண்டில்தான். 1985இல் தேவஸ்தானம் நித்திய அன்னதானத் திட்டத்தைத் தொடங்கியது. பக்தர் அளிக்கும் முதல் வைப்பாக வங்கியில் இருக்க, அதன் வட்டி சோறாகிறது. ஸ்தானத்தார் காலத்தில் அம்முதல் ஏரியில் இருந்தது.